வரிக்காரியின் நடை

இந்திராணி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாணப் படத்துக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். ஹட்டன் பஜாரில் வழக்கமான தூறல். போனில் அக்காவின் மகள் சுமதி. "கடையம்மா, அம்மா விடியக்கால போயிட்டாங்க" என்றாள். அழுது முடித்த குரல். அதற்குப் பிறகு நான் என்ன கேட்டேன், அவள் என்ன சொன்னாள் என்று எதுவும் நினைவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மாவின் படம் ஒன்றைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, நாளைக்கு எடுப்பதற்குள் கொடுக்க வேண்டும் என்றாள். "எங்ககிட்ட ஐடென்டி படம் மட்டுந்தாங்க இருக்கு."

கொஞ்ச நேரத்தில் அந்தப் படத்தை அனுப்பினாள். அடையாள அட்டைக்காக எப்போதோ எடுத்தது. காது இரண்டும் தெரிய வேண்டும் என்று முடியை இழுத்துப் பின்னால் கட்டியிருக்கிறார்கள். கழுத்து விறைத்து நிற்கிறது. கண்கள், யாரோ அதட்டியதும் திறந்தவை போல இருக்கின்றன. கடையில் யாரும் இல்லை. இருந்தும் "இது அக்கா இல்லயே" என்று சத்தமாகவே சொன்னேன். முப்பது வருடமாகப் படத்துக்குச் சட்டம் போடுகிறவள் நான். சாமி படங்களுக்கு அடுத்தபடி அதிகம் போட்டது செத்தவர்களின் படங்களுக்குத்தான். ஒரு படம் ஆளைப் போல இருக்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். என் போனைத் துழாவினேன். பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். கோயில் தேர் இருந்தது. அக்கா பார்ப்பதற்காக வருடக்கணக்கில் அழிக்காமல் வைத்திருந்த ஒரு மிருகத்தின் படமும் இருந்தது. அக்கா ஒன்றில்கூட இல்லை. இத்தனை வருடம் பழகிய எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வேறு வழியில்லாமல் அதையே பெரிதாக்கிக் கறுப்புச் சட்டம் போட்டு, மறுநாள் அக்கரப்பத்தனை பஸ்ஸில் நானே கொண்டுபோனேன். தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நாற்காலியில் வைத்து மாலை போட்டார்கள். எடுக்கிறவரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. புறப்படும்போது சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, கருமாதிக்குள் உன் அம்மாவைப் போலவே இருக்கிற ஒரு படத்தைக் கொண்டுவந்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து கொண்டுவருவேன் என்று எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொள்வது எனக்குப் பிறவிக் குணம். பதினாறு நாள் இருந்தது.

அக்காவை அறிந்தவர்கள் இரண்டு வகை. தேயிலை மலையில் அவரோடு நிரை பிடித்துக் கொழுந்தெடுத்தவர்கள் ஒரு வகை. ஹோட்டல் சுவரில் அவருடைய சிறுத்தையையும் காட்டுக்கோழியையும் பார்த்து, யார் வரைந்தது என்று கேட்டவர்கள் மற்றது. நான் இரண்டாவது வகை. கொழுந்தெடுப்பதிலிருந்து நின்ற பிறகுதான் அவர் எனக்குப் பழக்கமானார். மலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அழுகிற பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டச் சுவரில் மயிலும் மரைமானும் வரைந்தாராம். அங்கே தொடங்கியது. பக்கத்துத் தோட்டத்தில் துரை பங்களா ஒன்று ஹோட்டலானபோது, அவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்கள்.

முதல் முறை என் கடைக்கு வந்தபோது தேயிலை கட்டுகிற தடித்த கடதாசிச் சாக்கைப் பிரித்து, அதில் வரைந்த சிறுத்தை ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்தார். விரித்தேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே இரண்டு பின்னங்கால்கள், ஒரு முதுகு, வளைந்த வால். அவ்வளவுதான். "என்னங்க இது, மூஞ்சியக் காணோம்? ஹோட்டல்ல வாங்குவாங்களா?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நான் பார்த்தது இவ்வளவுதாம்மா. நான் நிமிர்றதுக்குள்ள அது திரும்பிருச்சு" என்றார். பார்க்காத மூஞ்சியை எப்படி வரைவது என்று என்னிடமே கேட்டார். ஹோட்டல்காரர்கள் முணுமுணுத்துவிட்டு மாட்டினார்கள். வருகிறவர்கள் மற்றப் படங்களைவிட அதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று பிறகு அவர்களே சொன்னார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன், அதுவே பெரிய விஷயம். அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வருவார். மூன்றாவது நான்காவது வெள்ளிக்கிழமையில் 'அம்மா' போய் 'புள்ள' வந்துவிட்டது. நான் 'அக்கா' என்று கூப்பிடத் தொடங்கினேன்.

அந்த வெள்ளைக்கார அம்மா வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். எழுபது வயதிருக்கும். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே கடலுக்குள் இருக்கிற டாஸ்மேனியா என்ற தீவு அவருடைய ஊர். ஹோட்டலில் அந்தச் சிறுத்தையைப் பார்த்துவிட்டு, வரைந்தவரைத் தேடி என் கடைக்கு வந்துவிட்டார். எனக்குக் கன்னியாஸ்திரிகள் அடித்துச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் கொஞ்சம் உண்டு. நடுவில் நின்று மாற்றி மாற்றிச் சொன்னேன். அவர்கள் தீவில் ஒரு மிருகம் இருந்ததாம். நாய் போல உடம்பு, முதுகில் புலி போல வரி, கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும், ஆனால் இறைச்சி தின்னும். ஆட்டைப் பிடிக்கிறது என்று சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் கொன்றார்களாம். கடைசி ஒன்று ஏறக்குறைய எண்பது வருடத்துக்கு முன் மிருகக்காட்சிசாலைக் கூண்டுக்குள் செத்துப்போனதாம். தன் பாட்டன் வீட்டில் அதன் தோலைத் தரையில் விரித்திருந்தார்கள் என்றும், சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து விளையாடியிருக்கிறேன் என்றும் அந்த அம்மா சொன்னார். அக்காவால் அதை வரைய முடியுமா என்று கேட்டார். அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோல் அங்கே விரித்திருப்பது போல.

ஊருக்குப் போனதும் அவர் ஒரு பழைய படத்தை என் போனுக்கு அனுப்பினார். கறுப்பு வெள்ளை, சத்தம் இல்லை, சில நொடிகள்தான். கம்பிக்குப் பின்னால் அந்த மிருகம் இப்படியும் அப்படியும் நடக்கிறது, படுக்கிறது, வாயைப் பெரிதாகப் பிளக்கிறது. அக்காவிடம் போன் இருந்தது, ஆனால் படம் ஓடாத பழைய போன். அதனால் வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்ததும் "போட்டுக் காட்டு புள்ள" என்பார். முடிந்ததும் திரும்ப ஒரு தடவை. இன்னும் ஒரு தடவை. அது ஆணா பெண்ணா என்பதில் படித்தவர்களுக்கே சண்டை என்று அந்த அம்மா எழுதியிருந்தார். அக்காவுக்குச் சண்டை எதுவும் இல்லை. முதல் நாளே 'வரிக்காரி' என்று பெயர் வைத்துவிட்டார். "இது கூண்டுக்குள்ள இருக்கிற மூஞ்சி புள்ள. காட்டுல இவளுக்கு வேற மூஞ்சி இருந்திருக்கும். நடையும் இது இல்ல. எங்க திரும்புறதுன்னு பார்த்துக்கிட்டே நடக்குறா பாரு" என்றார். அந்த வேறு நடையைத்தான் அவர் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தார். அதற்கு ஏழு வருடம் ஆகும் என்று இருவருக்கும் தெரியாது.

முதல் படத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பாவம், குற்றம் பாதி என்னுடையது. அந்த அம்மா சொன்னதை நான், "பின்பக்கம் வாய் திறந்த பை ஒண்ணு இருக்குமாம், அதுலதான் குட்டிய சுமக்குமாம்" என்று சொல்லி வைத்திருந்தேன். இரண்டு வெள்ளிக்கிழமை கழித்து அக்கா கொண்டுவந்தார். வரி அழகாக இருந்தது. தலை நன்றாக இருந்தது. முதுகில் ஒரு பை தொங்கியது, அதற்குள்ளிருந்து இரண்டு குட்டிகள் எட்டிப் பார்த்தன. தலைக்கயிறு மட்டும்தான் இல்லை, மற்றப்படி கொழுந்துச் சாக்குத்தான். நான் மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். அக்காவுக்குப் புரியவில்லை. "பையின்னா முதுகுலதானே இருக்கும்?" என்று கேட்டார். வயது வந்த நாளிலிருந்து முதுகில் பை சுமந்தவரிடம் வேறு எங்கே இருக்கும் என்று சொல்வது? அந்த அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். பை வயிற்றில் இருக்கிறது, வாய் மட்டும் பின்னங்கால் பக்கம் பார்த்திருக்கும், புதருக்குள் போனாலும் உள்ளே மண்ணும் முள்ளும் போகாது என்று பதில் வந்தது. சொன்னதும் அக்காவும் சேர்ந்து சிரித்தார். பிறகு திடீரென்று நிறுத்திக்கொண்டார். "வயித்துலயா? அப்ப பாரம் முன்னாலல்ல இழுக்கும்? நடையே மாறிப் போகுமே." அன்றைக்கு ஊற்றிக் கொடுத்த, பால் விடாத தேயிலைச் சாயத் தண்ணி ஆறிப்போகிறவரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஜிம்மியின் கதை அக்கரப்பத்தனைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அக்கா என்னிடம் சொன்னது இது. உடம்பு அசையும்போது வரி எப்படி அசையும் என்று பார்ப்பதற்காக, மண் நிறத்தில் இருந்த சுமதி வீட்டு நாய் ஜிம்மியைப் பிடித்து முதுகில் வரி போட்டார். துருப்பிடித்த ஆணியைச் சாயத் தண்ணியில் ஊறப்போட்டால் நல்ல கறுப்பு மை கிடைக்கும். அக்கா படங்களில் இருக்கிற கறுப்பெல்லாம் அதுதான். அது கழுவினாலும் போகாது என்பதை நாய்மேல் பூசிய பிறகுதான் யோசித்தார். ஜிம்மி அக்காவின் பிடியை உதறிக்கொண்டு மலைக்கு ஓடியது. மேல் நிரையில் நின்ற ஒருத்தி, செடிக்கு நடுவே வரி போட்ட ஒரு பின்பக்கம் போவதைப் பார்த்துப் புலி என்று கத்தினாள். அவ்வளவுதான், மலையே இறங்கிவிட்டது. கங்காணி விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார். காட்டு இலாகாவிலிருந்து ஆள் வந்து தடம் பார்த்தார்கள். மத்தியானம் ஜிம்மி தானே வந்து சுமதி வீட்டு வாசலில் படுத்துக்கொண்டபோது அக்கா வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. மூன்று மாதம் அந்த நாய் வரியோடு திரிந்தது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை என்னிடம் வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. "முழுசா பார்த்தவ ஒருத்தியும் இல்ல புள்ள. பின்னழகப் பார்த்தே அத்தனை பேரும் நம்பிட்டாளுங்க" என்றார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் எழுதாமல் விடமுடியாத ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை. கடை நிறையச் சனம். அக்கா வந்து ஓரமாக உட்கார்ந்து, கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து, மெதுவாகப் போட்டுக் காட்டு என்றார். போட்டேன். திரும்ப ஒரு தடவை கேட்டார். எனக்கு எங்கிருந்து அந்தச் சள்ளை வந்ததோ தெரியவில்லை. "செத்து மண்ணாப் போன நாயப் பார்த்து என்னாக்கா ஆகப் போவுது? உசுரோட இருக்கிறத வரைஞ்சாலாவது நாலு பேரு பார்ப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். வாங்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா போனை மேசைமேல் வைத்தார். "உசுரோட இருக்கிறதப் பார்க்க கண்ணு போதும் புள்ள. இல்லாததப் பார்க்கத்தான் படம் வேணும்" என்றார். குரல் உயரவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் வெள்ளிக்கிழமை வந்தது, அக்கா வரவில்லை. ஆள் அனுப்பியாவது கூப்பிட்டிருக்கலாம். எனக்கு ரோசம். என்ன மயிர் ரோசமோ, இன்றைக்கு நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

அடுத்த வருடம் மழைக்காலம் முடிகிற நேரம், ஒன்றும் நடக்காதது போல வந்து நின்றார். பொலித்தீனில் சுற்றிய சுருள் ஒன்று கையில். விரித்தேன். செங்குத்தான ஒரு இறக்கம். அதில் வரிக்காரி நம்மை விட்டுக் கீழே இறங்கிப் போகிறாள். சாயத் தண்ணியைப் பல தடவை பூசிப் பூசி எடுத்த உடம்பு நிறம், அதன்மேல் அந்த ஆணிக் கறுப்பு வரிகள். வால் விறைப்பாகப் பின்னால் நீண்டிருக்கிறது. வலது பின்னங்கால் அகட்டி வைத்தபடி, குதிகால் மண்ணில் அழுந்துகிறது. இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து நிற்கிறது. கால்களுக்கு நடுவே பை கனத்துத் தொங்க, அதன் வாயில் ஒரு சின்ன மூக்கு மட்டும் தெரிகிறது. தலை அந்தப் பக்கம். முகம் இல்லை. "மூக்கு மட்டும் எப்படி வந்துச்சு? அதையும் நீங்க பார்க்கலயே" என்று கேட்டேன். "எந்தக் குட்டியா இருந்தாலும் மூக்கு ஒண்ணுதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

நடை எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கிடைத்தது என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாவுக்கு அனுப்பலாமா என்றதற்கு, படத்தை மட்டும் போனில் பிடித்து அனுப்பு, இது இங்கேயே உன் சுவரில் இருக்கட்டும் என்றார். அன்றே சட்டம் போட்டு மாட்டினேன். அந்த அம்மா பதிலுக்கு நீளமாக எழுதியிருந்தார். ஒரு வரியை மட்டும் அக்கா என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். எங்கள் தீவில் இன்னும் சிலர் அந்தி நேரத்தில் காட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவேளை வருமோ என்று. அதைக் கேட்டதும் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகள் திரும்ப வந்தன. மூச்சு வாங்கத் தொடங்கியதும் மாதம் ஒரு தடவையாகி, பிறகு அதுவும் குறைந்தது. கடைசியாக மூன்று மாதத்துக்கு முன் வந்தார். என்ன பேசினோம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சுவரில் இருந்த வரிக்காரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அக்கரப்பத்தனை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். "வாரேன் புள்ள" என்றார். நான் கண்ணாடி வெட்டுகிற மேசை சுவரைப் பார்த்துப் போட்டது. கண்ணாடியில் வைரமுனை ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் கையை எடுத்தால் கண்ணாடி வீணாகும். "சரிக்கா" என்றேன்.

பதினாறு நாளும் நான் சும்மா இருக்கவில்லை. ஹோட்டலில் கேட்டேன். படத்தோடு நின்று படம் பிடித்த வெள்ளைக்காரர்கள் நூறு பேர் இருப்பார்கள், வரைந்தவரோடு நின்று பிடித்தவர் யாரும் இல்லை. பிள்ளைக் காம்பராவில் கேட்டேன். தோட்டத்தில் நடந்த கல்யாணங்களின் அல்பங்களை வாங்கிப் புரட்டினேன். ஒன்றில், மாப்பிள்ளைக்குப் பின்னால் தட்டோடு நிற்கிற ஒரு முழங்கை அக்காவுடையது என்றார்கள். இன்னொன்றில் அவர் குனிந்திருக்கிறார், உச்சந்தலை தெரிகிறது. கருமாதிக்கு முந்திய நாள் வெறுங்கையோடு கடையில் உட்கார்ந்து அழுதேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாத கையாலாகாத்தனம் ஒரு பக்கம். அவர் முகம் எனக்கே மங்கத் தொடங்கிவிட்டதோ என்ற பயம் இன்னொரு பக்கம். யோசிக்கும்போதெல்லாம் அந்த ஐடென்டி முகம்தான் வந்து நிற்கிறது. கூண்டுக்குள்ளே இருக்கிற மூஞ்சி என்று அக்கா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரிலிருந்து வரிக்காரியைக் கழற்றித் துணியில் சுற்றினேன். வேறு ஒன்றும் இல்லாததால்தான் எடுத்தேன், பெரிய யோசனை எதுவும் செய்து அல்ல.

சுமதிக்கு ஏமாற்றம். "அம்மா படம் கொண்டாருவேன்னு சொன்னீங்களே" என்றாள். தேடியும் கிடைக்கவில்லை, அம்மா கையால் வரைந்தது இதுதான் இருக்கிறது என்றேன். சாமி கும்பிடுகிற இடத்தில் மிருகத்தின் படத்தை எப்படி வைப்பது என்று தயங்கினாள். உறவுக்காரர் ஒருவர், நாய்க்கு மாலை போடச் சொல்லுவாங்க போலிருக்கு என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. வழக்கமாக நான் விடமாட்டேன். அன்றைக்குச் சண்டை போடும் தெம்பு இல்லை. உள்ளே அந்த ஐடென்டி படம் மாலையோடு இருக்க, வரிக்காரியை வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மலையில் வேலை முடிந்து பெண்கள் வந்தார்கள். அக்காவோடு நிரை பிடித்த ராமாயி அக்கா, கால் கழுவிவிட்டு இஸ்தோப்பில் ஏறியவர், படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். இது ஒரு மிருகம், பூண்டோடு அழிந்துபோனது, இன்ன ஊரில் இருந்தது என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்கவே இல்லை. "இது நம்ம இந்திராணில்ல எறங்குறா" என்றார்.

அவர் வாசலைப் பார்த்துச் சுமதியைக் கூப்பிட்டார். "ஏண்டி சுமதி, இங்க வந்து பாரு. நீ வயித்துல இருக்கப்ப ஒங்கம்மா இப்படித்தாண்டி எறங்குவா. முதுகுல சாக்கு, வயித்துல நீ. முன்னால சாஞ்சா நீ நசுங்குவ, பின்னால சாஞ்சா சாக்கு இழுக்கும். வலது கால அகட்டி வச்சு, குதிகால மண்ணுல குத்திக் குத்தி எறங்குவா. நிறைமாசம் வரைக்கும் எறங்குனா. அப்புறம் நீ பொறந்தும் அந்த நடை அவளுக்குப் போகவே இல்ல."

பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். ஆமா என்றார்கள். இடுப்ப பாரேன் என்றார்கள். ஒருத்தி அழத் தொடங்க, செத்த வீட்டில் கூட அப்படி அழாதவர்கள் எல்லோரும் அழுதார்கள். சுமதி படத்துக்கு முன்னால் குந்தினாள். அந்தப் பையின் வாயில் இருந்த சின்ன மூக்கைக் கண்ணாடிக்கு மேலாக விரலால் தொட்டாள். நெடுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய், மாலை போட்ட படத்தை நாற்காலியோடு கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் இடம் செய்தாள். முணுமுணுத்த அந்த உறவுக்காரர்தான் வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. ராமாயி அக்கா கண்டுபிடித்ததை நான் ஏன் கண்டுபிடிக்கவில்லை? இரண்டு வருடம் என் சுவரில் தொங்கிய படம் அது. காலையில் கடை திறந்ததும் அதன் முகத்தில்தான், முகம் என்று ஒன்று இருந்தால், விழிப்பேன். காரணம் மிகச் சாதாரணமானது. அக்கா இறங்கி நடந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற அக்கா, நாலு சுவருக்குள்ளே இருந்த அக்கா. என் கடைக்கு ஏழு படி. அந்த ஏழு படியும் அவர் வலது காலை அகட்டி, குதிகாலைக் குத்தித்தான் இறங்கியிருப்பார். எத்தனை வெள்ளிக்கிழமை! ஒவ்வொரு முறையும் 'வாரேன் புள்ள' என்றார். ஒவ்வொரு முறையும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு 'சரிக்கா' என்றேன்.

வரிக்காரி இப்போது சுமதி வீட்டில் இருக்கிறாள். அங்கே இருப்பதுதான் சரி. என் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது, அதில் வேறு எதையும் மாட்ட மனம் வரவில்லை. போனில் அந்தக் கூண்டும் அந்தச் சில நொடிகளும் இருக்கின்றன. கேட்க ஆள் இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமைகளில் போட்டுப் பார்க்கிறேன், திரும்ப ஒரு தடவையும் போடுகிறேன். அக்காவின் குரல் என் காதில் இருக்கிறது, 'புள்ள' என்று அவர் இழுக்கிற இழுப்போடு. அவர் நடையை மலையில் பார்த்தவர்கள் ஹட்டனுக்கு வந்தால் என் கடைக்கு ஏறுங்கள். எந்த நிரையில், எந்த இறக்கத்தில் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். சாயத் தண்ணி ஊற்றித் தருகிறேன், நீங்கள் சொல்லி முடிக்கிறவரை வாயைத் திறக்கமாட்டேன்.

கருமாதிக்கு மறுநாள் கண்ணாடி மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். இப்போது வாசல் எனக்கு நேரே இருக்கிறது. யாராவது "வாரேன்" என்றால் கையிலிருப்பதை வைத்துவிட்டு, அவர்கள் கடைசிப் படி இறங்குகிறவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.